கேள்விகள் எழுதிய வாக்குமூலம்: சேலம் 1692 பற்றிச் சில குறிப்புகள்

1

சேலம் சூனிய விசாரணைகளைப் பற்றி எழுதுகிற யாரும் 'வெறி' என்கிற சொல்லைத் தவிர்ப்பதில்லை. கும்பல் வெறி, கூட்டுப் பித்து, மனப்பிராந்தி என்று அது பல வேஷங்களில் வரும். முற்போக்காளர் எழுதினாலும் சரி, பாதிரியார் எழுதினாலும் சரி, மனநல மருத்துவர் எழுதினாலும் சரி, ஒரு ஊருக்கே பைத்தியம் பிடித்துப் பிறகு தெளிந்துவிட்டது என்பதாகக் கதை முடிந்துவிடுகிறது. இந்தச் சொல்லோடுதான் எனக்குத் தகராறு. பைத்தியம் பிடிச்சவங்க இத்தனை காகிதம் எழுத மாட்டாங்க.

(நான் சொல்வது நம்ம சேலம் இல்லை. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், 'ப்யூரிட்டன்'கள் எனப்பட்ட ஆங்கிலேயத் தூய்மைவாதக் கிறித்தவர்கள் குடியேறிய மாசாசூசெட்ஸில் உள்ள சேலம். விவிலியத்தில் எருசலேமுக்கு வழங்கும் பெயர். சமாதானம் என்று பொருள் சொல்வார்கள்.)

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1692 ஜனவரியில், சேலம் நகரத்தை ஒட்டிய சேலம் கிராமத்தில் (இன்றைய டான்வர்ஸ்), பாதிரியார் சாமுவேல் பாரிஸின் 9 வயது மகளுக்கும் அவர் வீட்டில் வளர்ந்த 11 வயது உறவுக்காரச் சிறுமிக்கும் வலிப்பு மாதிரி ஏதோ வருகிறது. பிப்ரவரி 29ஆம் தேதி மூன்று பெண்கள் மீது பிடியாணை. மே மாத இறுதியில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் தனி நீதிமன்றம் ஒன்றை அமைக்கிறார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவுட்டன். ஜூன் 10 தொடங்கி செப்டம்பர் 22 வரை நான்கு தடவையாக 19 பேர், அதாவது 14 பெண்களும் 5 ஆண்களும், தூக்கிலிடப்படுகிறார்கள். ஒரு கிழவர் மீது கல்லேற்றி நசுக்கிக் கொல்கிறார்கள். ஒரு கைக்குழந்தை உட்படக் குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே சாகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 150 பேருக்குக் குறையாது. அக்டோபர் 29ஆம் தேதி ஃபிப்ஸ் நீதிமன்றத்தைக் கலைக்கிறார். பலரும் நினைக்கிற மாதிரி ஒருவரையும் எரிக்கவில்லை. ஆங்கிலச் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்குத் தண்டனை தூக்கு. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது.

இந்தச் 'சட்டப்படி' என்பதைத்தான் 'வெறி' என்கிற சொல் மறைக்கிறது. பிடியாணை, குற்றப்பத்திரிகை, விசாரணைக் குறிப்பு, உடம்பைச் சோதித்த பெண்களின் அறிக்கை, ஜூரித் தீர்ப்பு, மரண ஆணை, சிறைக்காவலர் எழுதிவைத்த சங்கிலிச் செலவு. பெர்னார்ட் ரோசன்தாலும் அவரது குழுவினரும் 2009இல் பதிப்பித்த தொகுப்பில் ஆயிரத்தை ஒட்டிய ஆவணங்கள் இருக்கின்றன. 1976இல் லின்டா காப்பரேல் என்பவர், 'ரை' தானியத்தில் பிடிக்கும் எர்காட் பூஞ்சை கலந்த ரொட்டியைத் தின்றதால்தான் சிறுமிகளுக்கு வலிப்பு வந்தது என்று எழுதினார். அந்த ஆண்டிலேயே அதற்கு மறுப்பும் வந்துவிட்டது. என் கேள்வி வேறு. பூஞ்சையே காரணம் என்று வைத்துக்கொண்டாலும் அது விளக்குவது வலிப்பை மட்டும்தான். பூஞ்சை பிடியாணை எழுதாது.

இதைவிடக் கனமான விளக்கங்கள் உண்டு. பாயரும் நிசன்பாமும் (1974) கிராமத்துக் கோஷ்டிச் சண்டையை, பாதிரியாரின் சம்பளத் தகராறை, நிலத்தை முன்வைத்தார்கள். கரோல் கார்ல்சன் (1987) சகோதரனோ மகனோ இல்லாமல் சொத்து வாரிசாகிற பெண்கள் எப்படி இலக்கானார்கள் என்று காட்டினார். மேரி பெத் நார்ட்டன் (2002), மெய்ன் எல்லைப்புறத்தில் பூர்வகுடிகளோடு நடந்த போரையும் அங்கிருந்து தப்பி வந்த அகதிகளின் பயத்தையும் கொண்டுவந்து சேர்த்தார். இவற்றை மறுக்கும் உத்தேசம் எனக்கில்லை. இவை யார் மேல் விரல் நீண்டது, ஏன் நீண்டது என்பதைச் சொல்கின்றன. விரல் நீட்டப்பட்டவள் எப்படிச் 'சூனியக்காரி' ஆனாள் என்பது இன்னொரு கேள்வி. அது விசாரணை அறைக்குள் நடந்த காரியம்.

2

தமிழில் இதைப் பேசும்போது ஒரு சொற்சிக்கல் வருகிறது. 'சூனியக்காரி' என்றால் வைப்பது, எடுப்பது, முட்டை, தகடு, மயிர் என்று ஒரு செய்வினை சமாச்சாரம் நம் மனசில் ஓடும். ப்யூரிட்டன் சொல்லாடலில் அவள் முதலில் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவள். அவனுடைய புத்தகத்தில் அடையாளம் இட்டவள். அடுத்த வீட்டு மாடு செத்ததும் குழந்தைக்கு நோவு வந்ததும் அந்த ஒப்பந்தத்தின் விளைவுகள். ஒப்பந்தமோ இரண்டு பேருக்கு இடையில் ரகசியமாக நடந்தது. அதற்குச் சாட்சி யார்? ஒண்ணு சாத்தான் வந்து சொல்லணும், இல்லாட்டி அவளே சொல்லணும். ஆக, குற்றத்தின் வரையறைக்குள்ளேயே வாக்குமூலத்தின் தேவை பொதிந்திருக்கிறது.

பேய் பிடித்தவர்கள் என்று நாம் சொல்லக்கூடியவர்கள் இங்கே குற்றவாளிகள் இல்லை, குற்றம் சாட்டியவர்கள். நம்ம ஊரில் பேயாடுகிற பெண்ணின் பேச்சைக் கோடாங்கி கேட்பார், குடும்பம் கேட்கும், ஒரு பேரத்தில் அது முடியும். சேலத்தில் நீதிமன்றம் கேட்டது. வேலைக்காரச் சிறுமிகள், மெய்ன் போரில் அனாதையானவர்கள், ஆராதனைக் கூடத்தில் வாய் திறக்க அனுமதியில்லாதவர்கள். இவர்களது பேச்சு திடீரென்று சாட்சியம் ஆகிறது. 'இன்னாருடைய உரு வந்து என்னைக் கிள்ளுகிறது, அதோ உத்தரத்தில் உட்கார்ந்திருக்கிறது' என்று அவர்கள் சொன்னதை நீதிபதிகள் ஏற்றார்கள். இந்த உருச் சாட்சியத்துக்கு எதிராக எந்த வாதமும் எடுபடாது. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தேன் என்று ஊரையே கூட்டி நிரூபித்தாலும், உடம்பு வீட்டில் இருந்திருக்கலாம், உரு இங்கே இருந்ததே என்பார்கள்.

3

மார்ச் 1ஆம் தேதி, ஆராதனைக் கூடத்தில் முதல் விசாரணை. நீதிபதிகள் ஜான் ஹாத்தார்ன், ஜோனதன் கார்வின். முன்னால் நிறுத்தப்பட்ட மூவரில் சாரா குட் வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்பவள். சாரா ஆஸ்பர்ன் நோயாளி, சொத்துத் தகராறில் சிக்கியவள், ஒரு வருஷத்துக்கு மேலாகக் கோயில் பக்கம் போகாதவள். மூன்றாவது, பாரிஸ் வீட்டு அடிமை டிடூபா.

சாரா குட்டிடம் ஹாத்தார்ன் கேட்ட முதல் கேள்வி, நீ சூனியக்காரியா என்பதல்ல. எந்தத் தீய ஆவியோடு உனக்குப் பழக்கம் என்பது. அவள் எதோடும் இல்லை என்கிறாள். பிறகு, இந்தப் பிள்ளைகளை ஏன் துன்புறுத்துகிறாய் என்று கேட்கிறார். 'உண்டா' என்று கேட்டால் இல்லை என்று சொல்ல இடமிருக்கிறது. 'எது', 'ஏன்' என்று கேட்டால், பழக்கம் இருப்பதும் துன்புறுத்தியதும் முன்னாலேயே முடிவாகிவிட்டன. விவரம் மட்டும்தான் பாக்கி. இலக்கண ஆசிரியர் ஒருவர் போதும் இந்த விசாரணையைப் புரிந்துகொள்ள. நியாயம் தெரிந்தவர்கூட வேண்டியதில்லை.

டிடூபாவும் முதலில் மறுக்கிறாள். பிறகு சொல்லத் தொடங்குகிறாள். கறுப்பு உடை போட்ட உயரமான மனுஷன், பன்றி, கறுப்பு நாய், மஞ்சள் பறவை, சிவப்புப் பூனை, கம்பின் மேல் ஏறிப் பறந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பின்னால் வருகிறது. எப்படிப் போனாய் என்று கேட்டதால்தான் கம்பு வருகிறது. மறுநாள் அந்த மனுஷனின் புத்தகம் வருகிறது. அதில் எத்தனை அடையாளங்கள்? ஒன்பது. குட், ஆஸ்பர்ன் இருவருடையதும் அதில் உண்டு. மற்றவை யாருடையவை என்று அவளுக்குத் தெரியாது.

சேலத்தின் வரலாறே இந்தக் கோடிட்ட இடங்களை நிரப்பிய வரலாறுதான். நிரப்பத் தொடங்கியவர்கள் ஒன்பதோடு நிற்கவில்லை. மார்ச் மாதம் முடிவதற்குள் சாரா குட்டின் மகள், நாலைந்து வயதுக் குழந்தை, சிறைக்குப் போனாள். மாதக்கணக்கில் சங்கிலியில் கிடந்த அந்தப் பிள்ளை பிற்பாடு புத்தி நிலையில்லாமல் போய்விட்டாள் என்று 1710இல் அவளுடைய தகப்பன் நஷ்டஈடு கேட்டு எழுதிய மனுவில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். விசாரணைக் குறிப்புகளை எழுதியவர்கள் யார்? ரெபெக்கா நர்ஸ் என்கிற 71 வயதுப் பெண்ணின் விசாரணையை எழுதியவர் சாட்சாத் சாமுவேல் பாரிஸ்தான். குற்றம் சாட்டும் சிறுமி இருக்கிற வீட்டின் தலைவர்; அந்தச் சபையின் பாதிரியார்; நீதிமன்றத்தின் எழுத்தர். மூன்றும் ஒரே ஆள், ஒரே பேனா. டிடூபாவை அவர் அடித்துத்தான் சொல்லவைத்தார் என்று அவளே பிறகு சொன்னதாக ராபர்ட் கேலெஃப் 1700இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். வாக்குமூலப் பிரதியில் அந்த அடிக்கு இடமில்லை. இருக்கவும் முடியாது.

4

இந்த நீதிமன்றத்தில் ஒரு தலைகீழ் விதி உருவானது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்களில் ஒருவரும் தூக்கில் ஏறவில்லை. மறுத்தவர்கள் ஏறினார்கள். ஆண்டோவர் ஊரைச் சேர்ந்த சாமுவேல் வார்ட்வெல் செப்டம்பர் தொடக்கத்தில் ஒப்புக்கொண்டார். இரண்டு வாரத்துக்குள் அதை மறுத்தார். 22ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். விதியை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக்காட்ட முடியாது. மார்ச் மாதம் பேசிய டிடூபாவுக்கு இந்த விதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1663இல் பக்கத்துக் குடியேற்றமான கனெக்டிகட்டில் ஒப்புக்கொண்ட ரெபெக்கா கிரீன்ஸ்மித்தைத் தூக்கில்தான் போட்டார்கள். ஒப்புக்கொண்டவள் உயிரோடிருந்தால் மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் பயன்படுவாள் என்கிற கணக்கு சேலத்தில்தான் முழு வடிவம் பெற்றது. செப்டம்பரில் ஒப்புக்கொண்டவர்கள் சிலருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். நிறைவேற்றுவதற்குள் நீதிமன்றம் கலைந்தது.

ஆனால் இது வெறும் போலீஸ் தந்திரம் மட்டுமில்லை. மாசாசூசெட்ஸ் ப்யூரிட்டன் சபையில் முழு உறுப்பினராக வேண்டுமானால் தன் பாவ வாழ்க்கையையும் மனமாற்றத்தையும் சபைக்குச் சொல்ல வேண்டும். சொல்லுகிற முறைக்கும் ஒரு வாய்பாடு உண்டு. ஆக, தன்னைத்தானே குற்றவாளியாகக் கதைத்துக்கொள்வதுதான் சமூகத்துக்குள் நுழைகிற வாசல். நீதிமன்றம் இந்தக் கதையாடல் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. ஃபூக்கோ சொல்கிற மாதிரி, வாக்குமூலத்தில் அதிகாரம் இருப்பது பேசுகிறவரிடத்தில் இல்லை, கேட்டுக்கொண்டிருப்பவரிடத்தில். ஆண்டோவரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். 'நீங்கள் சூனியக்காரிகள்தான், அது எங்களுக்குத் தெரியும்' என்று சொந்தக்காரர்களே திரும்பத் திரும்பச் சொன்னதால் தங்களைப் பற்றித் தங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று அங்கே ஆறு பெண்கள் பின்னர் எழுதிக் கொடுத்தார்கள். புருஷனும் அண்ணனும் கெஞ்சினார்கள், ஒத்துக்கோ, உயிராவது மிஞ்சும் என்று.

ஒப்புக்கொள்ளாதவருக்கு என்ன வழி? ரெபெக்கா நர்ஸை ஜூரி முதலில் விடுவித்தது. சிறுமிகள் கூச்சலிட்டார்கள். சாட்சி சொல்ல வந்த இன்னொரு கைதியைப் பார்த்து அவள் 'நம்மில் ஒருத்தி' என்கிற மாதிரி சொன்னதைக் கவனித்தீர்களா என்று ஸ்டவுட்டன் ஜூரியிடம் கேட்டார். நம்மில் என்றால் யார்? சூனியக்காரிகளா, கைதிகளா? ஜூரி அவளையே கேட்டது. அவள் பதில் சொல்லவில்லை. அவளுக்குக் காது மந்தம். கேட்கவேயில்லை. அந்த மௌனம் ஒப்புதலாகப் படிக்கப்பட்டது. தீர்ப்பு மாறியது. உடன் கைதி என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன் என்று அவள் பிறகு எழுதிக் கொடுத்தது பயன்படவில்லை. கைல்ஸ் கோரி என்கிற, 80 வயதைத் தொட்ட விவசாயி விசாரணைக்கே உடன்பட மறுத்தார். கல்லேற்றிக் கொன்றார்கள். அவரைப் பற்றிய வீரக்கதைகள் ஒன்றை விட்டுவிடுகின்றன: மார்ச் மாதத்தில் தன் மனைவி மார்த்தாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அவர்.

பேசினால் பேசியது சாட்சி. மறுத்தால் பிடிவாதம் சாட்சி. மௌனம் என்றால் மௌனமே சாட்சி. கேள்வியின் அமைப்பை மாற்றாமல் எந்தப் பதிலும் வெளியே வர முடியாது.

5

இனி ஆர்தர் மில்லர். 1953இல் மேடையேறிய 'தி க்ரூசிபிள்' நாடகம் இல்லாமல் நாம் சேலத்தைப் பேசுவதில்லை. அமெரிக்கக் கம்யூனிஸ்ட் வேட்டையின்போது எழுதப்பட்டது. 1956இல் நாடாளுமன்றக் குழு முன் நின்ற மில்லர் மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். அந்த மனுஷனுடைய நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. என் விவாதம் நாடகத்தோடு.

நாடகத்தில் 11 வயது அபிகயில் வில்லியம்ஸ் 17 வயதுக் குமரி ஆகிறாள். 60 வயதை ஒட்டிய ஜான் ப்ராக்டர் முப்பதுகளில் இருக்கிறார். இருவருக்கும் கள்ள உறவு. இது ஆவணத்தில் இல்லாதது. விளைவு என்ன? ஒரு நீதிமன்ற அமைப்பின் குற்றம் ஒரு பொண்ணோட பொறாமையாகச் சுருங்கிவிடுகிறது. கடைசியில் ப்ராக்டர் பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு, தன் பெயரைக் காப்பாற்ற அதைக் கிழித்து, தூக்குக்குப் போகிறார். ஆண்மகனின் மனசாட்சி வென்றது, திரை விழுகிறது. நிஜ ப்ராக்டர் ஒப்புக்கொள்ளவே இல்லை. வேலைக்காரப் பெண்ணின் வலிப்பை அடித்துத் தெளியவைக்கலாம் என்று நம்பிய எஜமான் அவர். அதே ஆள் ஜூலை 23ஆம் தேதி சிறையிலிருந்து பாஸ்டன் பாதிரியார்களுக்கு எழுதிய கடிதத்தில், மார்த்தா கேரியரின் மகன்களைக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் ரத்தம் வரும்வரை வைத்து ஒப்புக்கொள்ளச் செய்தார்கள் என்று எழுதுகிறார். வாக்குமூலம் எப்படித் தயாராகிறது என்பதை வெளியே சொன்ன அந்தக் கடிதம், கிழித்துப் போட்ட காகிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மில்லரின் டிடூபா? கறுப்பின அடிமை. காட்டுக்குள் சிறுமிகளை ஆடவைக்கிறாள். மிரட்டிப் பேசவைக்கிறார்கள் என்பதை நாடகம் காட்டுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கடைசி அங்கத்தில், சாத்தான் வந்து பார்படாஸுக்குக் கூட்டிப் போவான் என்று காத்திருக்கும் கோமாளியாக மிஞ்சுகிறாள். பெயரைக் காப்பாற்றுகிற நாடகத்தில், காப்பாற்ற ஒரு பெயரே இல்லாதவளுக்கு வேறென்ன வேஷம் கிடைக்கும்?

அவளுடைய நிறமே ஒரு தனிக் கதை. 1692 ஆவணங்களில் அவள் 'இந்தியப் பெண்', அதாவது அமெரிக்கப் பூர்வகுடி (கொலம்பஸ் பண்ணின குளறுபடியால் நமக்கும் அவங்களுக்கும் ஒரே பேர்). 1868இல் கவிஞர் லாங்ஃபெல்லோ நாடகம் எழுதியபோது அவளுக்கு மந்திரவாதியான ஒரு கறுப்பினத் தகப்பன் கிடைத்தான். மில்லரிடம் வரும்போது முழுக் கறுப்பினப் பெண். காட்டு நடனத்துக்கு ஆவணம் எதுவும் இல்லை. சிறுமிகளின் மூத்திரத்தில் மாவு பிசைந்து சுட்டு நாய்க்குப் போட்ட 'சூனிய அப்பம்' ஒன்று நிஜமாகவே உண்டு. அதற்கு யோசனை சொன்னது மேரி சிப்லி என்கிற வெள்ளைக்காரச் சபை உறுப்பினர். அது ஆங்கிலேய நாட்டு வைத்தியம். வெள்ளை ஊரின் குற்றத்துக்கு வெளியிலிருந்து ஒரு 'மற்றது' தேவைப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையும் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்கியது.

6

இதற்கு எதிர்வினையாக இன்னொரு வாசிப்பு உண்டு. குவாதலூப் எழுத்தாளர் மரீஸ் கோந்தே 1986இல் டிடூபாவையே தன் கதை சொல்லவைத்து ஒரு நாவல் எழுதினார். அவளுக்குத் தாயைக் கொடுத்தார், பிள்ளைப் பருவத்தைக் கொடுத்தார், கலகத்தைக் கொடுத்தார். வரலாறு தராததைப் புனைவு தரட்டும் என்பதில் எனக்கு உடன்பாடே. நாவல் அந்த வேலையைச் செய்தது. எனக்குச் சிக்கல், நாவலுக்குப் பிறகு வந்த கோஷத்தோடு. டிடூபா தந்திரமாகக் கதைசொல்லி அதிகாரத்தை ஏமாற்றிய கலகக்காரி. சூனியக்காரி என்பது நாம் பெருமையோடு சூடிக்கொள்ள வேண்டிய பெயர். அவர்களுடைய பேத்திகள் நாம். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த 19 பேரும் செத்தது எதற்காக? நான் சூனியக்காரி இல்லை என்று சொன்னதற்காக. அவர்களை மறுபடி சூனியக்காரி ஆக்குவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், ஹாத்தார்னின் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் எழுதுவதுதான். சேலம் நகரக் காவல்துறை வண்டியில் கம்பின் மேல் பறக்கும் சூனியக்காரி சின்னமாக இருக்கிறாள். வியாபாரமும் கலகமும் ஒரே படத்தில் வந்து நிற்கும்போது நாம் கொஞ்சம் யோசிக்கணும். டிடூபாவின் பேச்சைக் கலகம் என்று கொண்டாடினால், அந்தப் பேச்சால் சிறைக்குப் போன சாரா குட்டின் குழந்தைக்கு என்ன பதில்? அவளைத் துரோகி என்று தள்ளினால், அடித்த பாரிஸ் தப்பித்துவிடுகிறார். வீராங்கனை, துரோகி என்ற இரண்டு நாற்காலிகளையும் போட்டுவைத்தது நீதிமன்றம். அதில் அவளை எதில் உட்காரவைப்பது என்று நாம் ஏன் அடிச்சுக்கணும்?

7

தீர்ப்புகள் திருத்தப்பட்ட விதத்தையும் பார்த்துவிட வேண்டும். 1697இல் நீதிபதி சாமுவேல் சீவால் சபையில் எழுந்து நின்று பழியை ஏற்றார். அந்த ஆண்டில் ஜூரிகள் 12 பேரும் மன்னிப்புக் கேட்டார்கள். 1706இல், குற்றம் சாட்டிய சிறுமிகளில் ஒருத்தியான ஆன் பட்னம், சாத்தானின் ஏமாற்றுக்கு ஆளானேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பு வாக்கியத்திலும் சாத்தானே எழுவாய். ஸ்டவுட்டன் கடைசிவரை வருந்தவில்லை. 1711இல் பலரது தண்டனை நீக்கப்பட்டு, 578 பவுன் நஷ்டஈடு ஒதுக்கப்பட்டது. கேட்பதற்கு வாரிசு இருந்தவர்களுக்குத்தான் நியாயம் வந்தது. விடுபட்டவர்கள் பெயரை 1957இலும் 2001இலும் சேர்த்தார்கள்.

அப்போதும் ஒரு பெயர் மிச்சம். ஆண்டோவரைச் சேர்ந்த எலிசபெத் ஜான்சன், 22 வயது. சொந்தத் தாத்தாவே கொஞ்சம் விவரம் குறைந்தவள் என்று சொன்ன பெண். ஒப்புக்கொண்டாள். 1693 ஜனவரியில் மரண தண்டனை. ஃபிப்ஸ் நிறுத்திவைத்ததால் பிழைத்தாள். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. தன் பெயரை நீக்கச் சொல்லி அவளே மனு கொடுத்தும் நடக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் எடுத்த முயற்சியால் 2022 ஜூலையில்தான் மாசாசூசெட்ஸ் சட்டமன்றம் அவளை விடுவித்தது. 329 ஆண்டுகள். மறுத்துச் செத்தவர்களுக்கு நினைவிடம் எழுந்தது. ஒப்புக்கொண்டு பிழைத்தவளுக்காக வாதாடத்தான் ஆளில்லாமல் போயிற்று.

டிடூபா எந்தப் பட்டியலிலும் இல்லை. 1693 மே மாதம் அவள் மீதான வழக்கு தள்ளுபடியானது. தீர்ப்பே இல்லாததால் திருத்துவதற்கும் ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்கும் சங்கிலிக்கும் கைதியே காசு கட்ட வேண்டிய காலம். அதைக் கட்ட பாரிஸ் மறுத்தார். பெயர் பதிவாகாத யாரோ ஒருவர் பணத்தைக் கட்டி அவளை வாங்கிக்கொண்டு போனார். 1992இல் சேலத்தில் திறந்த நினைவிடத்தில் கொல்லப்பட்ட இருபது பேருக்கு இருபது கல் இருக்கைகள் உண்டு.

தூக்குமரத்துக்குப் போகும் முன் மேரி ஈஸ்ட்டி கொடுத்த மனு இருக்கிறது. ரெபெக்கா நர்ஸின் தங்கை. தன் உயிரைக் கேட்கவில்லை. இனிமேல் குற்றமற்ற ரத்தம் சிந்தக் கூடாது, குற்றம் சாட்டுகிறவர்களைத் தனித்தனியாக வைத்து விசாரியுங்கள், ஒப்புக்கொண்டவர்கள் சிலரையும் விசாரித்துப் பாருங்கள் என்று கேட்கிறாள். ஒப்புக்கொண்டவர்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனாலும் மனு பேசுவது விசாரிக்கிற முறையைப் பற்றி. சாகப்போகிற ஒரு பெண்ணுக்கு இருந்த இந்தத் தெளிவு, விசாரணை அறையிலிருந்து திரும்புகிற தோழரிடம் 'பேசினாயா, பேசவில்லையா' என்று முதலில் கேட்கிற நமக்கு வேண்டும். வாக்குமூலங்களைப் படிக்கும்போது பதில்களைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கேள்விகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். எழுதியது யார் என்பது தெரிந்துவிடும்.